இளங்குதிரைக்கு எவ்வளவு வேலை கொடுக்கலாம்: முதல் சவாரி முதல் 5 வயது வரை

இளங்குதிரையைப் பழக்கத் தொடங்குபவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம் ஏறலாம்?" என்றுதான். எண்கள் கீழே இருக்கின்றன. ஆனால் அந்த எண்ணைக் கூட்டுவதா குறைப்பதா என்று எதைப் பார்த்து முடிவு செய்கிறோம் என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். குதிரைக்கு மூச்சு வாங்குகிறதா, வியர்க்கிறதா என்று பார்க்கிறார்கள். மூச்சு வாங்கவில்லை என்றால் இன்னும் பத்து நிமிடம் ஓட்டுகிறார்கள்.

குதிரையின் உடலில் எல்லா உறுப்புகளும் ஒரே வேகத்தில் வேலைக்குப் பழகுவதில்லை. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடும். தசை தேற மூன்று, நான்கு மாதங்கள் ஆகும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களும் மூட்டைப் பிணைக்கும் நார்களும் உறுதிப்பட அதைவிட நாளாகும். எலும்புக்கு ஒரு வருடத்துக்கு மேலும் பிடிக்கலாம். இரண்டாவது மாதத்தில் குதிரை உற்சாகமாக ஓடுவது அதன் மூச்சு தேறிவிட்டதால்தான். கால்கள் அப்போது இன்னும் பாதி வழியில்கூட இல்லை. எனவே வேலையின் அளவைக் கால்களைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

1. வயதை உறுதி செய்யுங்கள்

பிறந்த தேதி ஆவணத்தில் இருந்தால் நல்லது. இல்லையென்றால் கால்நடை மருத்துவரை வைத்துப் பல் பார்க்கச் சொல்லுங்கள். முன்பற்களில் நடுஜோடி சுமார் இரண்டரை வயதில் விழுந்து முளைக்கும், அடுத்த ஜோடி மூன்றரை வயதில், கடைசி ஜோடி நாலரை வயதில். 5 வயதுக்குள் இருக்கும் குதிரையின் வயதைப் பல் ஏறத்தாழச் சரியாகவே சொல்லிவிடும்.

உயரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். எலும்பு நீளும் இடத்தில் இருக்கும் வளர்ச்சித் தட்டுகள் கீழிருந்து மேலாக மூடுகின்றன. குளம்பை ஒட்டிய சிறு எலும்புகளில் முதல் வருடத்திலேயே வளர்ச்சி முடிந்துவிடும். முன்னங்கால் முட்டிக்கு மேலே உள்ள தட்டு மூட இரண்டு, இரண்டரை வயது ஆகும். முதுகெலும்பில் உள்ளவை 5 வயதையும் தாண்டும். நாம் உட்காரும் இடம்தான் கடைசியில் முதிர்கிறது. மூன்று வயதுக் குதிரை எவ்வளவு உயரமாக, எவ்வளவு வாட்டசாட்டமாக நின்றாலும் அதன் முதுகு குழந்தை முதுகுதான்.

இன்னொன்றையும் பாருங்கள். குதிரையைச் சமதரையில் பக்கவாட்டில் நிறுத்தி, தோள்மேட்டையும் (கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்து மேடு) பின்பக்க மேட்டையும் ஒப்பிடுங்கள். வளரும் பருவத்தில் பின்பக்கம் சட்டென்று உயர்ந்துவிடும். தோள்மேடு பிறகுதான் எட்டிப் பிடிக்கும். பின்பக்கம் உயர்ந்திருக்கும் வாரங்களில் எடை முன்னங்கால்கள் மேல் சாய்கிறது. குதிரைக்குக் கால் தடுக்கும், கேன்டரில் (நடுத்தர வேகப் பாய்ச்சல் ஓட்டம்) சமநிலை இழக்கும். அப்போது பயிற்சியைப் பாதியாகக் குறையுங்கள். "நேற்று வரை நன்றாகச் செய்தது, இன்று பிடிவாதம் பிடிக்கிறது" என்று சாட்டையை எடுப்பவர்கள் பெரும்பாலும் இந்த வாரங்களில்தான் எடுக்கிறார்கள்.

2. தொடங்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

முதலில் மருத்துவப் பரிசோதனை. வாயைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டரை வயதிலிருந்து நாலரை வயது வரை வாய்க்குள் பால்பற்கள் விழுந்துகொண்டே இருக்கும். கடைவாய்ப் பற்களுக்கு முன்னால் ஓநாய்ப்பல் எனப்படும் சின்னப் பல் இருந்தால், கடிவாளக் கம்பி அதில் இடிக்கக்கூடும். தலையை உதறும் குதிரைக்கு வாய் வலிக்கிறதா என்று பார்க்காமல் கடிவாளத்தை இறுக்குவது வலியைக் கூட்டத்தான் செய்யும்.

அடுத்தது குளம்பு. லாடம் அடிப்பவர் நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை வந்து சமன் செய்யட்டும். குளம்பு ஒரு பக்கம் நீண்டிருந்தால் ஒவ்வொரு அடியிலும் மூட்டு கோணலாகச் சுமை தாங்கும். வேலை கூடக்கூட அந்தக் கோணலின் விளைவும் கூடும்.

சேணத்தை வளரும் முதுகுக்கு ஏற்ப இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது சரிபாருங்கள். சவாரி முடிந்து சேணத்தை எடுத்ததும் முதுகெலும்பின் இரு பக்கமும் வியர்வை ஒரே சீராகப் படிந்திருக்க வேண்டும். அந்த ஈரத்துக்கு நடுவில் காய்ந்த திட்டு தெரிந்தால் அங்கே சேணம் அழுத்துகிறதா என்று உடனே பாருங்கள்.

ஏறுபவரின் எடை. நன்றாக வளர்ந்த, தேறிய குதிரைக்குச் சேணத்தோடு சேர்த்து உடல் எடையில் 20 சதவீதம் வரை என்பது பரவலாகச் சொல்லப்படும் வரம்பு. மூன்று வயதுக் குதிரைக்கு நான் 15 சதவீதத்தைத் தாண்ட விடமாட்டேன். 400 கிலோ குதிரை என்றால் 60 கிலோ. அதில் சேணமே எட்டு, பத்து கிலோ போய்விடும். எடை குறைந்தவராக, அதேசமயம் கை அமைதியானவராக ஒருவரைத் தேடுங்கள். இரண்டும் சேர்ந்து கிடைக்காவிட்டால் முதல் சவாரியைத் தள்ளிப்போடுங்கள்.

கடைசியாக, திறந்தவெளி. தினமும் பல மணி நேரம் சுதந்திரமாக நடமாட இடம் இல்லாத குதிரைக்கு எந்தப் பயிற்சித் திட்டமும் சரியாக வராது. லாயத்திலேயே அடைந்து கிடக்கும் இளங்குதிரையின் எலும்பு அடர்த்தி குறையும். மைதானத்தில் அதுவாகவே நாலு பாய்ச்சல் ஓடி, திரும்பி, நின்று விளையாடும் குதிரையின் எலும்பு அந்தச் சுமைக்கு ஏற்றபடி உறுதிப்படும். 23 மணி நேரம் அடைத்து வைத்துவிட்டு ஒரு மணி நேரம் ஓட்டுவதுதான் ஆக மோசமான அமைப்பு.

3. கால்களைத் தினமும் கையால் பாருங்கள்

இதை ஒருநாளும் விடக் கூடாது. காலையில், குதிரை லாயத்தை விட்டு வெளியே வருவதற்கு முன், நான்கு கால்களையும் தடவிப் பாருங்கள். நடந்த பிறகு பார்த்தால் லேசான வீக்கம் வடிந்திருக்கும், நமக்குத் தெரியாமலே போய்விடும்.

முட்டிக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்து மெதுவாகக் கீழே இறக்குங்கள். எலும்புக்குப் பின்னால் ஓடும் தசைநாண் கயிறு போல இறுக்கமாக, விளிம்பு தெளிவாகக் கையில் தட்டுப்பட வேண்டும். விளிம்பு மழுங்கிக் கொழகொழவென்று இருந்தால் உள்ளே நீர் கோத்திருக்கிறது. பிறகு முன்னங்காலின் உட்பக்கம், முட்டிக்குக் கீழே விரலை ஓட்டுங்கள். இளங்குதிரைகளுக்கு அங்கே புதிதாகக் கட்டி போல எலும்பு முளைப்பது அடிக்கடி நடப்பது. தொட்டால் சூடாக இருந்து, அழுத்தினால் குதிரை காலை இழுத்துக்கொண்டால் அன்று வேலை கிடையாது, மருத்துவருக்குச் சொல்லுங்கள். கடைசியாகக் குளம்பின் மேல் விளிம்பில் கையை வைத்து நான்கு கால்களின் சூட்டையும் ஒப்பிடுங்கள்.

புதிதாக வருபவர்கள், கால் வீங்கினால் கண்ணுக்குத் தெரியாதா என்று கேட்பார்கள். கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வீங்கிவிட்டால் மாதக்கணக்கில் ஓய்வு கொடுக்க வேண்டி வரலாம். கை அதற்குப் பல நாள் முன்பே சொல்லிவிடும். ஆனால் அந்தக் கால் சாதாரணமாக எப்படி இருக்கும் என்பது கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் பயிற்சி தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே இந்தப் பழக்கத்தைத் தொடங்கச் சொல்கிறேன்.

கூடவே நாடித்துடிப்பு. கீழ்த்தாடை எலும்பின் உள்விளிம்பில் விரலை வைத்தால் ரத்தக்குழாய் உருளும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். உங்கள் குதிரையின் எண்ணை எழுதி வையுங்கள். காரணமில்லாமல் அது கூடியிருந்தால் குதிரைக்கு எங்கோ வலிக்கிறது அல்லது உடம்பு சரியில்லை.

4. ஏறுவதற்கு முன்: தரைப் பயிற்சியும் லஞ்சிங்கும்

ஏறுவதற்கு முன் குதிரைக்கு நான்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: கூட நடக்க, சொன்னதும் நிற்க, பின்வாங்க, இரண்டு பக்கமும் திரும்ப. இதைக் கயிற்றில் பிடித்து நடந்தே கற்றுக்கொடுக்கலாம். நடைக்குக் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. தினமும் அரை மணி நேரம் வெளியே கூட்டிக்கொண்டு நடந்தாலும் காலுக்கு நல்லதுதான்.

கணக்குப் பார்க்க வேண்டியது லஞ்சிங்கில், அதாவது நீண்ட கயிற்றில் பிடித்து நம்மைச் சுற்றி வட்டமாக ஓட விடுவதில். குதிரை முதுகில் ஆள் இல்லாததால் இது இலகுவான வேலை என்று நினைத்துவிடுகிறார்கள். 20 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தின் சுற்றளவு சுமார் 63 மீட்டர். டிராட்டில் (நடைக்கு அடுத்த வேகமான சீரான ஓட்டம்) குதிரை நிமிடத்துக்கு ஏறத்தாழ 220 மீட்டர் போகும். 20 நிமிடம் டிராட் விட்டால் எழுபது சுற்று. அத்தனை சுற்றிலும் உடல் உள்பக்கம் சாய்ந்து, மூட்டுகளின் ஒரு பக்கமே கூடுதல் சுமை வாங்குகிறது. வட்டம் சிறுத்தால் சாய்வு இன்னும் கூடும்.

ஆகவே லஞ்சிங் வாரத்துக்கு இரண்டு தடவை, ஒவ்வொன்றும் நடையையும் சேர்த்து 15 நிமிடத்துக்குள். வட்டம் 20 மீட்டருக்குக் குறையக் கூடாது. இரண்டு, மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள். கேன்டர் இப்போது வேண்டாம்.

"துள்ளுகிறது, கொஞ்சம் சுற்ற விட்டுக் களைப்பாக்கிவிட்டு ஏறலாம்" என்பது நான் மிக அதிகமாகப் பார்க்கும் தவறு. முதல் வாரம் பத்து நிமிடத்தில் அடங்கும் குதிரைக்கு அடுத்த மாதம் நாற்பது நிமிடம் தேவைப்படும், ஏனென்றால் அந்த ஓட்டமே அதன் மூச்சைத் தேற்றிவிட்டது. துள்ளல் அப்படியே இருக்கும், கால் மட்டும் தேய்ந்திருக்கும். துள்ளும் குதிரைக்குத் தானியத்தைக் குறைத்து, திறந்தவெளி நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும்.

5. முதல் சவாரிகள்

மூன்று வயது முடிந்த பிறகு தொடங்குவது என் வழக்கம். முதல் வாரம் ஏறி உட்கார்வதும் இறங்குவதும்தான்; பழக்கமான ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சில அடி நடத்தட்டும். ஐந்து நிமிடம் போதும். ஏறுவதற்கு ஒரு மேடை வைத்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து காலை மாட்டி ஏறினால் சேணம் ஒரு பக்கமாக இழுத்து, தோள்மேட்டையும் முதுகையும் திருகும்.

அடுத்த மூன்று வாரம் வாரத்துக்கு மூன்று நாள், பத்திலிருந்து பதினைந்து நிமிடம், பெரும்பகுதி நடை. டிராட் வந்தால் நேர்க்கோட்டில் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். சேணத்தில் முழு எடையோடு உட்காராமல் எழுந்து உட்கார்ந்து டிராட் போங்கள்.

முதல் நாளே குதிரை அமைதியாக நின்றது என்பதற்காக அன்றே டிராட், அன்றே கேன்டர் என்று போய்விடுவார்கள். அமைதி பழக்கத்தினால் வந்ததா, திகைப்பினால் வந்ததா என்று முதல் நாளில் தெரியாது. அதோடு ஆளைச் சுமந்து பழகாத முதுகுத் தசை மறுநாள் வலிக்கும். அந்த வலியோடு மறுபடி சேணம் போடும்போதுதான் குதிரை "ஏறவிடாத குதிரை" ஆகிறது.

6. ஒரு நாள் வேலையின் வரிசை

முதல் பத்துப் பதினைந்து நிமிடம் நடை. கடிகாரத்தைப் பார்த்தே நடங்கள். மனக்கணக்கில் பத்து நிமிடம் என்று தோன்றும்போது உண்மையில் நான்கைந்து நிமிடம்தான் ஆகியிருக்கும். மூட்டுக்குள் இருக்கும் நீர் அசைந்து பரவவும், தசையில் ரத்த ஓட்டம் கூடவும் இந்த நேரம் தேவை.

பிறகு டிராட், இடையிடையே நடை. புதிதாக ஏதாவது கற்றுக்கொடுப்பதாக இருந்தால் இந்தப் பகுதியின் தொடக்கத்திலேயே செய்யுங்கள். களைத்த தசை மூட்டைத் தாங்காது. களைத்த மனம் கற்காது. காயங்கள் பெரும்பாலும் கடைசிப் பத்து நிமிடத்தில் வருவதும் அதனால்தான். குதிரை ஒன்றைச் சரியாகச் செய்துவிட்டால் அதோடு விடுங்கள். "அழகாகச் செய்தது, இன்னொரு தடவை" என்று கேட்கும்போது குதிரைக்குக் கிடைக்கும் பரிசு கூடுதல் வேலை என்றாகிவிடுகிறது.

முடிவில் லகானைத் தளர்த்திப் பத்து நிமிடம் நடை. பிறகு நாடி பாருங்கள். 60-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ இறங்கியிருந்தால் அன்றைய வேலை மூச்சுக்குத் தாங்கக்கூடியது. இறங்காவிட்டால் அடுத்த தடவை குறையுங்கள். கால்களின் பதில் மறுநாள் காலையில் கிடைக்கும்.

7. கூட்டும் முறை

நேரம், வேகம், தரை, வாரத்தில் எத்தனை நாள் என்று நான்கு விஷயத்தைக் கூட்டலாம். ஒரு தடவையில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள். கூட்டியபின் இரண்டு வாரம் அப்படியே வைத்திருங்கள். கால்கள் குளிர்ச்சியாகவும் இறுக்கமாகவும் இருந்தால் அடுத்ததைத் தொடலாம். இரண்டை ஒன்றாகக் கூட்டிவிட்டுக் கால் வீங்கினால், எதனால் என்று கண்டுபிடிக்க வழியில்லை.

முதலில் நடையின் நேரம், பிறகு டிராட்டின் நேரம், பிறகு மேடு பள்ளமான பாதையில் நடை, அதன் பிறகு கேன்டர். நேரான கேன்டர் வட்டக் கேன்டருக்கு முன்னால் வர வேண்டும். எலும்பு உறுதிப்பட நீண்ட ஓட்டம் தேவையில்லை. நேர்க்கோட்டில் சில விநாடிகளே நீளும் இரண்டு, மூன்று கேன்டர் அந்தச் செய்தியை எலும்புக்குக் கொடுத்துவிடும். அதையே இருபது தடவை செய்தால் தேய்மானம்தான் கூடும்.

எலும்பு தன்னைப் புதுப்பிக்கும்போது பழையதை முதலில் அரித்து எடுத்துவிட்டுப் பிறகுதான் புதியதை வைக்கிறது. இடைப்பட்ட வாரங்களில் அந்த இடம் முன்பைவிட வலுவிழந்திருக்கும். வேலை கூட்டி ஒரு மாதம் நன்றாகப் போன குதிரைக்குச் சட்டென்று முன்கால் எலும்பில் வலி வருவதற்கு இது ஒரு காரணம். மாதத்தில் ஒரு வாரம் வேலையைப் பாதியாக்குங்கள்.

தரையையும் கணக்கில் சேருங்கள். கெட்டித் தரை எலும்பையும் மூட்டையும் அடிக்கும். ஆழமான மணல் தசைநாணை இழுக்கும். மணலில் பத்து நிமிடம் என்பது நல்ல மைதானத்தில் பத்து நிமிடத்துக்குச் சமம் அல்ல. வெவ்வேறு தரைகளில் நடைக்கு மட்டும் பழக்குங்கள். வேகத்துக்கு ஒரே சீரான தரை.

8. வயதுவாரியாக ஏறத்தாழ

3 வயது: வாரத்துக்கு மூன்று நாள், நடையைச் சேர்த்து 20 முதல் 25 நிமிடம். இரண்டு மாதம் இப்படிப் போன பிறகு இரண்டு, மூன்று மாதம் முழு ஓய்வு கொடுத்துத் திறந்தவெளியில் விட்டுவிடுங்கள். கற்றது மறந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். குதிரைகளின் நினைவாற்றல் நம்மை வியக்கவைக்கும்.

4 வயது: வாரத்துக்கு நான்கு நாள், 30 முதல் 40 நிமிடம். அதில் ஒரு நாளாவது மைதானத்தை விட்டு வெளியே பாதையில் நடை. நேரான கேன்டர் இந்த வயதில் வரலாம். தரையில் கிடக்கும் கம்புகளைத் தாண்டி நடக்கவும் டிராட் போகவும் பழக்கலாம். தாண்டுதல் என்றால் மிகத் தாழ்வாக, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, சில தடவை மட்டும்.

5 வயது: நான்கு, ஐந்து நாள், 45 நிமிடம் வரை. கடினமான நாளுக்கு அடுத்த நாள் இலகுவான நாளாக இருக்க வேண்டும். சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பான எஃப்.இ.ஐ. நடத்தும் இளங்குதிரைகளுக்கான உலக டிரெஸாஜ் (குதிரையின் நடையையும் கீழ்ப்படிதலையும் மதிப்பிடும்) போட்டியின் கீழ்ப்பிரிவே 5 வயதில்தான் தொடங்குகிறது. உலகத்தரமான குதிரைகளுக்கே அப்படியிருக்க, நம் 4 வயதுக் குதிரையைப் போட்டிக்கு விரட்ட எந்த அவசரமும் இல்லை.

9. தீனி, தண்ணீர், வெயில்

தானியம் வைத்து இரண்டு மணி நேரமாவது கழித்து வேலை வாங்குங்கள். ஓய்வு நாளில் தானியத்தைக் குறையுங்கள். முழுத் தானியம் தின்று சும்மா நின்ற குதிரையை மறுநாள் வேலைக்கு எடுத்தால் தசை இறுகி நகர முடியாமல் போகும் நோய் வரக்கூடும்.

வேலை முடிந்த குதிரைக்குத் தண்ணீர் காட்டக் கூடாது என்பார்கள். குடிக்க விடுங்கள். குதிரையின் வியர்வையில் உப்பு அதிகம், அதனால் லாயத்தில் எப்போதும் உப்புக்கட்டி இருக்கட்டும். உடல் சூடாக இருந்தால் நிழலில் நிறுத்தி உடல் முழுவதும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். புழுக்கம் மிகுந்த நாளில் வியர்வை காயாது, உடல் சூடு இறங்காது. அன்று நடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

10. குறைக்கச் சொல்லும் அடையாளங்கள்

சேணத்தைப் பார்த்ததும் காதைப் பின்னுக்கு மடிப்பது, வார் இறுக்கும்போது கடிக்கத் திரும்புவது, சவாரியில் வாலை ஓயாமல் சுழற்றுவது, பல்லை நறநறப்பது, ஒரு பக்கம் மட்டும் திரும்ப மறுப்பது, தீனியை மிச்சம் வைப்பது. இதில் ஏதாவது ஒன்று புதிதாகத் தொடங்கி மூன்று நாள் நீடித்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு முதுகு, வாய், கால் என்று வரிசையாகப் பாருங்கள். வலி இல்லை என்று உறுதியாகத் தெரிந்த பிறகுதான் "குணம்" பற்றிப் பேச வேண்டும். நொண்டல் தெரிந்தால் மூன்று நாள் காத்திருக்க வேண்டாம். வலிமருந்து கொடுத்து வேலை வாங்குவது ஒருபோதும் கூடாது. வலி மறைந்தால் குதிரை காயத்தின் மேல் முழு எடையையும் வைக்கும்.

11. இடைவெளிக்குப் பின் திரும்புதல்

ஒரு வாரம் விட்டுப்போயிருந்தால் இரண்டு நாள் இலகுவாக ஆரம்பித்துப் பழைய அளவுக்குப் போகலாம். ஒரு மாதம் விட்டுப்போயிருந்தால் முதல் இரண்டு வாரம் நடை மட்டும், அதன் பின் இரண்டு வாரம் நடையோடு குறைந்த டிராட், கேன்டர் ஐந்தாவது வாரத்தில். காயத்தால் நின்ற குதிரைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது; மருத்துவர் தரும் அட்டவணைதான். ஏறும் முன் சேணத்தை மறுபடி வைத்துப் பாருங்கள், இடைவெளியில் முதுகின் வடிவம் மாறியிருக்கும். காலைத் தடவிப் பார்ப்பது ஓய்வு மாதங்களிலும் தொடர வேண்டும், இல்லையென்றால் திரும்பி வரும் நாளில் எது பழைய வீக்கம், எது புதியது என்று தெரியாது.